வழி சொன்ன ஆரிஃப் மாமா

"ஏனுங்க, முதல் சந்துல போகாதீங்க! அடுத்ததுல திரும்புங்க!"

அஃப்ஷீன் கையிலிருந்த போன் ஸ்பீக்கரில் அதட்டியது. ஆட்டோக்கார மாரப்பனுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. பின்னே? உக்கடத்தில் பிறந்து, உக்கடத்திலேயே தலை நரைத்த மனுஷனுக்கு ஒருத்தர் போனில் வழி சொல்வதா?

"யாருங்க அம்மணி இது?"

"ஆரிஃப் மாமாங்க. எங்க தாத்தாவோட தங்கச்சி தாஜுன்னிசா பாட்டி இருக்காங்கல்ல, அவங்க மகன். ரோட்டை அகலம் பண்ண நாளைக்கு இந்தத் தெரு ஊடுகளை இடிக்கிறாங்களாம். அதுக்குள்ள பாட்டிக்கு அவங்க பொறந்த ஊட்டைக் காட்டிப்போடணும். வித்து ரொம்ப காலமாச்சு, எங்க ஊட்டுல யாருக்கும் அடையாளம் தெரியலீங்க."

"கிணத்தடி வந்துருச்சுங்களா?" என்றார் ஆரிஃப்.

"கிணறாவது, குளமாவது! செல்போன் கடைதான் இருக்குதுங்க!" என்றார் மாரப்பன் வெடுக்கென்று.

"அடடா, மூடிப்போட்டாங்களா! சரி கண்ணு, அதுக்கு எதுத்தாப்ல பாரு. வாசக்கல்லுல ஒரு குழி இருக்கோணும். அம்மா சின்னப் புள்ளையில பாதாங்கொட்டை ஒடச்சு ஒடச்சு விழுந்த குழி."

மாரப்பனே இறங்கிப் போய் ஒவ்வொரு வாசலாகக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"அம்மணி, ஓடி வாங்க! இருக்குதுங்க!"

அஃப்ஷீன் வீடியோவைப் போட்டுக் குழிக்கு நேராகப் பிடித்தாள். மறுமுனையில் ஒரு கிழக்குரல் சிரித்தது, அழுதது, மறுபடியும் சிரித்தது.

"இதேதான்டா ஆரிஃபு, எங்கூடு! ஒடச்சதெல்லாம் நானு, தின்னதெல்லாம் எங்கண்ணன்!"

மாரப்பனுக்கும் கண் கலங்கிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"தோத்துட்டேனுங்க ஆரிஃப் அண்ணா! நீங்களும் இங்க ஆட்டோ ஓட்டுனவருங்களா? அது கெடக்கட்டும். போன்ல பார்த்தா ஆசை தீருமுங்களா? அம்மா எங்க இருக்காங்க, போத்தனூருங்களா, குனியமுத்தூருங்களா? நானே போய் குலுங்காம கூட்டியாறேன். வாடகையே வேண்டாமுங்க."

ஆரிஃப் கடகடவென்று சிரித்தார்.

"உங்க மனசு போதுமுங்க தம்பி, அவ்வளவு தூரத்துக்கு ஆட்டோ வராதுங்க. நாடு பிரிஞ்சப்ப போத்தனூர்ல ரயிலேறுன அம்மா, இன்னைக்கு வரைக்கும் கராச்சியிலதான் இருக்காங்க. நான் பொறந்ததும் இங்கதான். கோயமுத்தூரை நான் பார்க்கிறதே இப்பத்தானுங்க!"