மஞ்சள் கொத்து

கோஸ் இலையைத் திருப்பினாள்.

அடியில் மஞ்சள் மஞ்சளாக, பஞ்சு சுற்றிய அரிசி போலக் கொத்தாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் ஒரு பச்சைப் புழு அசையாமல் கிடந்தது.

முட்டை போட்டுவிட்டுக் களைத்துக் கிடக்கிறது சனியன் என்று நினைத்தாள்.

தலைக்கு மேலே வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள், புழுவுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவை போலப் பறந்துகொண்டிருந்தன. அழகாம். கோஸ் போட்டவளிடம் வந்து சொல்லட்டும்.

இந்த முறை யார் கோஸ் நன்றாக உருண்டு தலைகட்டுகிறதோ, அவர்களுக்கே ஊற்றடி நிலம். மாமனார் சொல்லிவிட்டார். அந்த மலைச்சரிவில் கோடையிலும் தண்ணீர் வற்றாத துண்டு அது ஒன்றுதான்.

வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் பெண்டாட்டி செல்லக்கிளியின் பாத்தி. அங்கும் புழு இருந்தது. இவளுக்கு அது போதவில்லை.

மூத்த மருமகள் இவள். அந்த வீட்டுக்கு மாடாய் உழைத்தவள் இவள். நேற்று வந்தவளுக்கு ஊற்றடியா?

மஞ்சள் கொத்து இருந்த இலைகளையெல்லாம் கிள்ளி மடியில் கட்டினாள். செல்லக்கிளி சாப்பிடப் போன நேரம் பார்த்து வரப்பைத் தாண்டினாள். செடிக்கு ஒன்றாகச் செருகினாள்.

பொரிந்து தின்னட்டும். ஒரு தலை மிஞ்சக் கூடாது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

கொத்துகள் பொரிந்தன.

புழு வரவில்லை.

கொசுவைவிடச் சிறிய கறுப்புக் குளவிகள் வந்தன. செல்லக்கிளியின் பாத்தியில் புழு புழுவாகத் தேடிப்பிடித்து முதுகில் ஏறிக் குத்தின. பத்துப் பதினைந்து நாளில், குத்துப்பட்ட புழுக்களின் விலாவைக் கிழித்துக்கொண்டு குளவியின் குட்டிப் புழுக்கள் வெளியே வந்து, அங்கேயே மஞ்சள் கூடு கட்டின.

இவள் வரப்பில் நின்று பார்த்தாள். தான் கொண்டுவந்து போட்டவை முட்டையே இல்லை, குளவிக் கூடுகள்.

தன் பாத்திக்கு ஓடினாள். பேருக்குக்கூட ஒரு குளவி இல்லை. புழுக்கள் கொழுத்துத் திரிந்தன. இலையில் நரம்பு மட்டும் இருந்தது.

அறுவடையன்று மாமனார் ஊற்றடியில் செல்லக்கிளிக்கு எல்லைக்கல் நட்டார்.

செல்லக்கிளி வரப்போரம் வந்தாள். கையில் குடம் மாதிரி ஒரு கோஸ். அதை இவள் காலடியில் வைத்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அடுத்த தடவையும் கொண்டாந்து போடுங்கக்கா. நான் சாப்பிடப் போற நேரந்தான் உங்களுக்குத் தெரியுமே."