கணிதப் பாடத்துக்கு மட்டும்

றொஷானி கதிரையின் நுனியில்தான் இருந்தாள்.

நீக்கிலாஸ் ஜன்னலைத் திறந்தார். காற்று அடித்தது. உடனே மூடினார்.

இரசாயனக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. நீக்கிலாஸ் கணித ஆசிரியர். பிள்ளைகளின் கஷ்டங்களைக் கேட்பது அவருடைய வேலை அல்ல, ஆலோசகர் லோனெயின் வேலை. டென்மார்க்கின் வைலேயில் இருந்த அந்தத் தனியார் உயர்பள்ளியில் அதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரைக் குளிர்காலத்தில் நிறுத்தினார்கள். ஈஸ்டருக்குப் பிறகு லோனெயையும் நிறுத்தினார்கள். லோனெயின் அறையில் இப்போது பழுதான கணினிகள் கிடந்தன.

லோனெயிடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை அதிபர் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீக்கிலாஸ் மட்டும் இன்னும் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார்.

அந்த மே மாதம் அவரால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஊரில், இலங்கையில், யுத்தம் முடிந்துவிட்டதென்று டெனிஷ் வானொலியே சொல்லிவிட்டது. அவர் விடிய எழும்பிப் பள்ளிக்கு வந்துவிடுவார். கடைசி ஆளாகத்தான் போவார்.

கதவுக்கு வெளியே இன்னும் பிள்ளைகள் நின்றார்கள்.

"இப்படியே வகுப்புக்கு வராமல் விட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். தெரியுமா?" என்று டெனிஷில் கேட்டார்.

"தெரியும், நீக்கிலாஸ்."

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு பூசையில் கண்டால் அவரை அவள் அங்கிள் என்பாள்.

அவர் எழுந்து நடந்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையா? இல்லை. பள்ளியில் யாரும் தொந்தரவு செய்கிறார்களா? இல்லை. சாப்பிடுகிறாயா, நித்திரை வருகிறதா? லோனெ என்னவெல்லாம் கேட்டிருக்கக்கூடும் என்று யோசித்து யோசித்துக் கேட்டார். ஒன்றுக்குப் பதில் வருமுன்னே அடுத்ததைக் கேட்டார்.

பிறகு கணினியில் அவளுடைய வரவைத் திறந்து பார்த்தார்.

ஆங்கிலத்துக்கு வந்திருந்தாள். வரலாற்றுக்கு வந்திருந்தாள். உயிரியலுக்கும் வந்திருந்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வராதது அவருடைய கணிதத்துக்கு மட்டும்.

லோனெ இருந்திருந்தால் முதல் கிழமையே இதைக் கண்டிருப்பாள். அவருக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. முகம் சுட்டது.

"அப்ப, பிரச்சினை நான்தானோ?" என்றார். தன்னை அறியாமலே தமிழுக்கு வந்திருந்தார்.

றொஷானி தரையைப் பார்த்தாள்.

"வகுப்பில உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் கிடந்தது, அங்கிள்."

அம்மா தமிழில் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

நீக்கிலாஸ் நடப்பதை நிறுத்தினார்.

"லோனெயிட்டத்தான் முதல்ல போனனான். இப்பிடி ஒண்டை ஒராளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேக்கத்தான். றூம் பூட்டிக் கிடந்தது."

"என்னத்தைச் சொல்லுறது?"

அவள் உதட்டைக் கடித்தாள்.

"எங்கட பெரியப்பா வவுனியா முகாமில இருந்து போன் எடுத்தவர். மேரிசெலின் அன்ரி இருந்த பங்கருக்கு மேல ஷெல் விழுந்ததாம். பெரியப்பாவையள் முகாமுக்கு வாறதுக்கு முதலே. அப்பா உங்களிட்டச் சொல்லுறன் எண்டு ஒவ்வொரு பூசைக்கும் வாறவர். சொல்லாமலே திரும்பிடுறார்."

மேரிசெலின் நீக்கிலாஸின் ஒரே தங்கை. சித்திரைக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்ததுதானே, இனி எடுப்பாள் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுவார்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தார்.

"மச்சானும்?"

"ஓம்."

"பிள்ளை?"

"பிள்ளை பெரியப்பாவோட நிக்கிறாள், அங்கிள்." றொஷானி இப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அவளுக்கு ஒண்டுமில்லை. மாமாவுக்குச் சொல்லியாச்சோ, மாமாவுக்குச் சொல்லியாச்சோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாளாம். அதுதான் இண்டைக்கு வந்தனான்."

யாரோ கதவைத் தட்டினார்கள். இருவரும் திரும்பவில்லை.

"முகாமில அவைக்குப் பின்னேரத்திலதான் போன் கிடைக்கும். அங்க இப்ப பின்னேரம்."

அவள் தன் கைத்தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தினாள். முதல் முறை போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள். "பெரியப்பா, அங்கிளிட்டக் குடுக்கிறன்" என்று சொல்லி அவருடைய கையில் வைத்தாள்.

அந்தப் பக்கம் சனங்களின் இரைச்சல். யாரோ இருமினார்கள். போன் கை மாறியது.

"மாமாவோ?" என்றது ஒரு சின்னக் குரல்.

அந்தக் குரலை நீக்கிலாஸ் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓம்" என்றார். "மாமாதான்."