நடக்காத மூன்று திருட்டுகள்

"முதல் திருட்டு எந்த வருஷம் மாமா?"

மோரேயா கூரைத் தகரத்தைப் பார்த்தார். எந்த வருஷத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. "நீயே பாத்து ஒண்ணு போடு" என்றார்.

கோனியோ 2018 என்று தட்டினாள். பாப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பி துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மோரேயாவின் மனைவிக்கு அண்ணன் மகள். செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு மாமாவின் பயோடேட்டாவை எழுதித் தருகிறேன் என்று சனிக்கிழமை காலையிலேயே மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வந்ததிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்விதான். பதினான்கு வருஷமாகக் கட்டுமானச் சாமான் கிடங்கு வாசலில் நிற்கிறீர்களே, இதுவரை என்ன நடந்தது? மோரேயா சொன்னதும் ஒரே பதில்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அது தானாக நடக்காமல் போய்விடவில்லை. கிடங்கின் பின்சுவரை ஒட்டித் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய நூற்றுப்பத்து வீடுகள். அதில் ஒன்று மோரேயாவுடையது. எந்தப் பையன் வேலையில்லாமல் திரிகிறான், எவனுக்கு யாரோடு சகவாசம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை நாலு பேர் சுவரேறத் திட்டம் போடுவது காதில் விழுந்தது. பாக்கும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, சாயங்காலம் முழுக்க மீன் பிடித்த கதை பேசிவிட்டு வந்தார். சுவரேறும் பேச்சு அதோடு போயிற்று.

"இத எழுதினா திருட்டுப் பசங்களோட கூட்டுன்னு நெனப்பாங்க மாமா. எத்தன பேரப் புடிச்சீங்க, எவ்வளவு சரக்கக் காப்பாத்துனீங்க, அதத்தான் படிப்பாங்க. ஒண்ணும் நடக்கலன்னா நீங்க ஒண்ணும் செய்யலன்னுதான் அர்த்தம்."

அவருக்கும் தெரியாததல்ல. இரண்டு முறை பதவி உயர்வில் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவன் அவரிடமே வாசல் வேலை பழகியவன். ஒரு திருடனைத் துரத்திப் பிடித்ததாகப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. ஆறே மாதத்தில் சூப்பர்வைசர் வண்டியில் ஏறிவிட்டான். மோரேயாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் முழங்கால் இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கிவிடுகிறது.

ஆக, மூன்று திருட்டு முயற்சிகள் பிறந்தன. முதலாவதில் இரண்டு பேர், அடுத்ததில் நாலு பேர், மூன்றாவதில் வெட்டுக்கத்தியும் சேர்ந்துகொண்டது. எந்தப் பக்கமாக வந்தார்கள் என்று கோனியோ கேட்டாள். முன்பக்கம் எப்போதும் ஆள் நடமாடும் சாலை, யாரும் நம்பமாட்டார்கள். பின்சுவர் என்றே போடச் சொன்னார். யார் பெயரும் வரக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

மனைவி கேவா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சுவருக்குப் பின்னால் மறுபடியும் நாடா பிடித்து அளந்துவிட்டுப் போகிறார்கள் என்றாள். கிடங்கு முதலாளி நாலு வருஷமாகத்தான் அளக்கிறார், அளக்கட்டும் என்றார் மோரேயா. குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லி முதலாளி போட்ட வழக்கில், ஒரு வம்புக்கும் போகாத சனத்தை எதற்கு ஐயா கிளப்ப வேண்டும் என்று நீதிபதியே கேட்டுவிட்டாராம். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. குடியிருப்புக்குத் தபால் வராது என்பதால், முகவரிக்குத் தன் அலுவலகத்துத் தபால் பெட்டி எண்ணைப் போட்டு முடித்தாள் கோனியோ.

நேர்காணலில் கிடங்கு முதலாளி வைத்த நீமே என்ற புது அதிகாரி இருந்தார். மலைநாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். மூன்று முயற்சிகளையும் நிதானமாகப் படித்து, பேனாவால் கோடு போட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பின்சுவர்னா, அந்தக் குடியிருப்பு ஆளுங்கதானே?"

மோரேயா கோடு போட்ட வரியைப் பார்த்தார். இல்லை என்றால், பின்னே எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி வரும். "ஆமா சார்" என்றார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் நீமே.

பத்தாம் நாள் வேலை கிடைத்தது. குடியிருப்பே திரண்டு வந்தது. குழி தோண்டி, சுட்ட கற்களை அடுக்கி, பன்றியும் சர்க்கரைவள்ளியும் வேகவைத்தார்கள். முன்பு சுவரேற நினைத்தவர்களில் ஒருவனான டெகோட்தான் முதல் ஆளாகக் குழி வெட்டினான். இனி நம்ம ஆளே வண்டியில் வருகிறார், அவர் பேரைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சின்னவர்களை அவனே அதட்டினான். மோரேயா தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அந்த உறுத்தலும் போய்விட்டது. முழங்கால் வீக்கம் வடிந்திருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், இருபது காவலாளிகளோடு கிடங்கின் பின்பக்கம் வரச் சொல்லி நீமேயிடமிருந்து உத்தரவு வந்தது. போனபோது அங்கே ஒரு போலீஸ் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் ஒரு புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. கேவா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், புதுச் சட்டையில் வரும் கணவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

நீமே ஒரு கட்டுத் தாளை நீட்டினார். நீதிமன்றத் தீர்ப்பு. திருடர்கள் ஒளிந்து வாழும் இடம் என்பதற்குக் கிடங்குக் காவலாளியே எழுத்தில் சாட்சி தந்திருக்கிறார் என்று அதில் இருந்தது. மோரேயா தீர்ப்போடு சேர்த்திருந்த கடைசித் தாளைப் புரட்டினார். அடியில் அவருடைய கையெழுத்து.

நீமே அவர் தோளில் கை வைத்தார்.

"உங்க பயோடேட்டா இல்லன்னா கேஸ் நின்னிருக்காது. சொல்லுங்க சூப்பர்வைசர், எந்த வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"