நான்காவது சாவு

மூன்றாவது முறையாகச் செத்த கிழவர் மறுபடி ஒரு கண்ணைத் திறந்தார்.

திரையில் சீனத்துக் குங்ஃபூ வாத்தியார். தாடியெல்லாம் சோற்றுப் பருக்கை. எதிரியின் அடி நெஞ்சில் இறங்கி, மனைவியின் மடியில் கிடக்கிறார். ஒவ்வொரு முறை செத்ததும் ஏதோ நினைவு வந்து எழுந்துகொள்கிறார்.

"ஏம்மே... ஊறுகா ஜாடிய மூடினியா?"

குரல், டப்பிங் மைக்கின் முன் நின்றவருடையது.

மூலப் படத்தில் அந்த இடத்தில் ஒரு ரகசிய அடிமுறை பற்றிய உபதேசம். அவர் வாயில் அது ஊறுகாய் ஆனது. முப்பத்தொரு வருடமாக இப்படித்தான். சீனர்கள் போதித்தார்கள். அவர் தமிழில் சிரிக்க வைத்தார்.

அடுத்த வசனம் அவளுடையது. வாத்தியாரின் மனைவிக்கு அவள் குரல். வாத்தியாருக்குக் குரல் கொடுத்தவருக்கு அவள் மனைவி.

திரையில் அந்தப் பெண் கரண்டியை ஓங்கினாள். வாய் திறந்தது. மூடியது.

அவள் சொல்லவில்லை.

"அக்கா, விட்டுட்டீங்க" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர் செல்வின். "பரவால்ல, மறுபடி போலாம்."

வாத்தியார் மறுபடி செத்தார். மறுபடி ஒரு கண். மறுபடி ஊறுகாய்.

இந்த முறை அவர் 'ஊறுகா'வைக் கொஞ்சம் இழுத்தார். நடுவில் ஒரு விக்கலை வைத்தார். செல்வின் கண்ணாடிக்குப் பின்னால் குலுங்கினார்.

அவள் மறுபடி விட்டாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவருக்கு அறுவை சிகிச்சை. கட்டியோடு குரல்வளையையும் எடுக்கிறார்கள். உயிர் தங்கும். குரல் தங்காது.

"பேச வேண்டியதெல்லாம் முன்னாடியே பேசிடுங்க சார்" என்று போன வாரம் சொன்னார் மருத்துவர்.

"அப்ப இவளுக்கு எப்ப சான்ஸ் டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

மருத்துவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்தது தெரிந்தது.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு நேரம் வந்து தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். இன்று மட்டும் இருவரும் ஒரே மைக்கில் பேசுகிறோம் என்று அவர்தான் கேட்டு வாங்கினார்.

ஆறாவது முறை அவள் விட்டபோது, அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார்.

"வேணும்னே விடற."

"இல்லீங்க. தொண்ட காஞ்சிருச்சு."

"எந்தொண்டையா, உந்தொண்டையா?"

அவள் வசனத் தாளைப் புரட்டினாள்.

அவர் தன் பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார்.

"வத்சலா. நீ திட்டினாத்தான் நான் சாக முடியும். நான் செத்தாத்தான் ஜனங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்மா."

குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

படம் ஓடியது. அவள் எப்போதும் முகங்களைப் பார்ப்பதில்லை. உதடுகளைத்தான். உதடு எப்போது ஒட்டும், எப்போது பிரியும், எந்த மூச்சில் வாக்கியம் முடியும். பாஷை தெரியாத எத்தனையோ வாய்களுக்குள் சொற்களை வைத்திருக்கிறாள்.

கரண்டி ஓங்கியது.

"யோவ், எத்தினி தபாய்யா சாவ? ஒரே தபாவா போய்த் தொலையேன்!"

உதட்டில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. செல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

வாத்தியார் நான்காவது முறையாகச் செத்தார்.

மைக்கில் அவர் அதற்கு நீளமாக மூச்சு விட்டார். முடிவில் ஒரு சின்ன விசில். வசனத் தாளில் இல்லாதது.

"அண்ணே, சூப்பர்! அக்கா, பின்னிட்டீங்க. முடிஞ்சு..."

செல்வின் நிறுத்தினார். படத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தார்.

"இருங்க. இன்னும் ஒரு இடம் இருக்கு."

கண்மூடிக் கிடந்த வாத்தியாரின் உதடுகள் ஒரே ஒரு முறை அசைந்தன. மூலத்தில் சத்தம் இல்லை. தாளிலும் எதுவும் இல்லை.

"உதடு அசையுதுண்ணே. ஒரு முனகலாச்சும் போட்டுடுங்க. காலியா விட்டா நீங்கதானே திட்டுவீங்க."

அது அவருடைய சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்வது. அசையும் உதட்டை அநாதையாக விடாதே.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அவளை.

"இது அப்படியே இருக்கட்டும் செல்வின். சத்தம் வேணாம்."

"அப்ப என்ன சொல்றார்னு தெரியாதேண்ணே?"

"பக்கத்துல பொண்டாட்டி இருக்காள்ல. அவளுக்குத் தெரியும்."

செல்வின் படத்தை மறுபடி பின்னால் இழுத்தார். பிறகு சிவப்பு விளக்கைப் போட்டார். அந்த மௌனத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.

திரையில் உதடுகள் அசைந்தன.

மைக்கின் முன் அவருடைய உதடுகளும் அசைந்தன.

அவள் திரையைப் பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஜாடிய மூடிட்டேங்க" என்றாள்.