குடைக்குக் கிடைத்த செருப்பு

எழுபத்தெட்டு வயது ரத்தினசபாபதி வீட்டுக்குள்ளேயே குடையை ஊன்றித்தான் நடப்பார். மகள் வாங்கித் தந்த கைத்தடி கதவுக்குப் பின்னால் சும்மா நின்றது.

"ஏன் குடையே, கூரைக்குக் கீழேயும் மழை பெய்யுதா?" என்று சீண்டியது கைத்தடி.

"உன்னைத் தொட்டா கிழவனாம். என்னைப் பிடிச்சா எங்கேயோ கிளம்புறாராம்," என்றது குடை. "ஆனா என் கால் இரும்பு. நேத்து பாத்ரூம் ஈரத்துல வழுக்கிட்டேன். சுவரைப் பிடிச்சுத் தப்பிச்சார்."

கைத்தடிக்குச் சிரிப்பு நின்றது. தன் நுனியில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றிக் கொடுத்தது.

"இந்தா, செருப்பு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மறுநாள் வழுக்காமல் குளித்து வந்த ரத்தினசபாபதி மகளுக்குப் போன் போட்டார்.

"குடையே போதும்மா. அந்தக் கைத்தடியை வயசானவங்க யாருக்காவது குடுத்துடு."