எதிரே வந்தவள்

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவைக் காணவில்லை.

வீரம்மா அடுப்படிக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக் கடை முகப்பைப் பார்த்தாள். தம்பி ரெங்கசாமி வாசலில் நின்றுகொண்டு, ரயில்வேக்கு வேலைக்குப் போகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சீதாலெட்சுமியம்மா கையாலதான் போணி. அதுவரைக்கும் ஒரு இட்லிகூட விக்கமாட்டேண்ணே."

"வேலைக்குச் சங்கு ஊதிரும் லா தம்பி. பசிச்சு நிக்கிறவன் கையும் கைதானே?"

நியாயமான கேள்விதான். ரெங்கசாமி அசைவதாக இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தெருவில் கடை திறந்த யாரும் அசைந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்ததும் அந்தத் தெரு செத்தே போயிருந்ததாம். பாதிப்பேர் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஏற்றிப்போகச் செங்கல் இல்லாமல் சீதாலெட்சுமியின் மாட்டுவண்டிகளும் சும்மா நின்றன. வேறு யாராவது என்றால் மாட்டை விற்றிருப்பார்கள். அந்த அம்மா வண்டிகளைத் தெருக் குப்பை அள்ள அனுப்பினார். சாக்கடை வெட்டித் தரச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். பூட்டிக் கிடந்த கடைகளுக்கு வெள்ளையடித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடிப் பிடித்துவந்து உட்காரவைத்தார். பால்காரரோ தையல்காரரோ, யார் கடை திறந்தாலும் முதல் வியாபாரம் அவர் கையால்தான். இதுவரை ஒரு கடையும் நொடிக்கவில்லை.

டெங்கில் ரப்பர் தோட்டத்தில் வேலை போய் நின்ற ரெங்கசாமியையும் அவர்தான் அழைத்துவந்தார். இந்தக் கடையும் கவிழ்ந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் போக்கிடம் கிடையாது. தோட்டத்து லயத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

"அந்தம்மாவ நேர்ல பாத்தா நீயே அசந்துபோவக்கா" என்று வந்த நாளிலிருந்து தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

வீரம்மா மனசுக்குள்ளேயே பார்த்துவைத்திருந்தாள். வெள்ளிக்காசு அகலத்துக்குக் குங்குமம், கை நிறைய வளையல், தலை கொள்ளாமல் மல்லிகை. ராசியான கை என்றால் வேறு எப்படி இருக்கும்?

அந்தக் கை ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தம்பியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

விடிவதற்கு முன், தூறலுக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். எதிரே லாந்தர் ஆட ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரனுக்குப் பின்னால், கம்பளி போர்த்திய பெண் ஒருத்தி. முதலாளியம்மாதான் என்று பட்டதும் வீரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. நல்ல நாளும் அதுவுமாய் இந்த முகத்திலா அவர் விழிக்க வேண்டும்? கோணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வெறுங்குடத்தோடு கடைக்கே திரும்பி ஓடிவந்தாள்.

பின்னால் வண்டி நின்றது காதில் விழுந்தது.

பார்த்துவிட்டார். தாலியறுத்தவள் ஒருத்தி வெறுங்குடத்தோடு எதிரே வந்தால், அதற்குப் பிறகு யார்தான் வருவார்கள்?

புருஷன் போனதிலிருந்து அவள் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் வந்து நின்றதில்லை. சமைக்கிறவள் நீதானே, நீயே இலையில் எடுத்து வை என்று தம்பி நேற்று சண்டைகூடப் போட்டான். அவள்தான் கேட்கவில்லை. அடுப்படியோடு இருந்தும் இப்படி ஆகிவிட்டதே.

வெளியே ஆட்கள் கலையத் தொடங்கினார்கள்.

வீரம்மா பின்வாசல் வழியாக இறங்கி, தெருக்கோடியிலிருந்த வண்டிக் கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே போகத் துணிவில்லை. படலுக்கு வெளியே ஒதுங்கி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா, காலையில குழாயடியில எதிரே வந்தவ நாந்தாம்மா. இனிமே உங்க கண்ணுலயே படமாட்டேன். எந்தம்பி கடைக்கு மட்டும் ஒருநடை வந்துட்டுப் போயிருங்கம்மா."

உள்ளே மாட்டுக்கு வைக்கோல் உதறும் சத்தம் நின்றது. காலடி படலருகே வந்தது.

"என்னயப் பாத்துத்தான் நீ திரும்பி ஓடுனேன்னு நெனச்சேன் புள்ள. ஊருக்குப் புதுசு, கடை தொறக்கிற நாளு, எம் முகத்துல முழிக்க வேணாம்னு தோணியிருக்கும். அதான் வரல."

வீரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தானையை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

கை நிறைய வைக்கோலோடு சீதாலெட்சுமி நின்றிருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. தலையில் பூவில்லை. கைகளில் ஒரு வளையல்கூட இல்லை. வீரம்மா கட்டியிருந்ததைப் போலவே ஒரு வெள்ளைச் சேலை, ஓரத்தில் மாட்டுச்சாணம் பட்டு.

முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு இருவருக்கும் ஒத்துவரவில்லை.

வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, சீதாலெட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவிலேயே நடந்தார்கள். கலைந்து போய்க்கொண்டிருந்தவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கடைக்கே திரும்பினார்கள். ரெங்கசாமி அவசரமாக ஒரு இலையை எடுத்தான்.

"உங்க அக்கா கையால வச்சாத்தான் நான் வாங்குவேன்" என்றார் சீதாலெட்சுமி.

வீரம்மா இரண்டு இட்லியை இலையில் வைத்து நீட்டினாள். சங்கு ஊதுவதற்குள் கொப்பரை காலியாகிவிட்டது.

மறுநாள் விடியுமுன் குழாயடிக்கு அதே வண்டி வந்தது. லாந்தர் வெளிச்சம் நன்றாகத் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு, வீரம்மா குடத்தை நிரப்பினாள்.