காது குத்திய நாள்

பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு எதிரே, தினகரனின் ஸ்டூடியோவில் ஒரு பழைய வீடியோ கேசட் கணினியில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டதால் திரையில் சாம்பல் கோடுகள் மட்டுமே நடுங்குகின்றன. ஒலி மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் மூன்று வயது ரேகா வீறிட்டு அழுகிறாள். அந்த ஆண்டே காய்ச்சலில் போய்விட்ட குழந்தை. அவளுடைய அம்மா சரசா, நரைத்த தலையை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள். "கேக்கவே கஷ்டமா கீதுக்கா. அழுவறத மட்டும் வெட்டிடட்டா?" என்கிறான் தினகரன். "வேணாம் நைனா. அவ கொரலு இது ஒண்ணுதான் கீது." மின்ரயில் ஒன்று கடையை அதிரவைத்துக் கடந்து போகிறது. அந்த இரைச்சல் அடங்கியதும், அழுகைக்கு நடுவே சரசாவின் இளமைக் குரல் குழந்தையைத் தேற்றுவது கேட்கிறது: "அவ்ளோதான் கண்ணு, இனிமே வலிக்காது."